ஒல்லி ஜன்னலுக்கு ஒன்பது முழத் திரை

இன்றைக்கு ஜன்னல் திரையைப் பற்றி எழுதுகிறேன். ரிடையரான டீச்சருக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நாளில் இருபது மணி நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற நம் வயதுக்காரர்களுக்கு ஜன்னலைவிடப் பெரிய விஷயம் அதிகம் இல்லை.

கொஞ்ச காலமாக நான் போகிற கிரகப்பிரவேசங்களில் எல்லாம் ஒரே காட்சி. இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஒவ்வோர் அறையிலும் இரண்டரை அடி அகலத்தில் ஓர் ஒல்லி ஜன்னல், பெயருக்கு. பக்கத்துக் கட்டடம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பதால் பெரிய ஜன்னல் வைக்கக் கட்டியவருக்கும் மனம் இல்லை, வாங்கியவருக்கும் மனம் இல்லை. அந்த ஒல்லி ஜன்னலுக்குத்தான் இரண்டு பக்கமும் கனத்த திரை, அதற்குள்ளே வலை மாதிரி இன்னொரு திரை, மேலே பித்தளை நிறத்தில் கம்பி, கம்பியின் இரண்டு முனையிலும் குமிழ். பகல் பதினோரு மணிக்கு டியூப்லைட் எரிகிறது. "நல்லா இருக்கா ஆண்ட்டி?" என்று கேட்கிறார்கள். நல்ல நாளும் அதுவுமாக என்ன சொல்ல முடியும்? நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு வந்துவிடுகிறேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

சின்ன ஜன்னலுக்குக் கனமான திரை கூடாது. முதலில் காற்று, பிறகு வெயில், அதற்குப் பிறகு மறைப்பு, கடைசியில்தான் அழகு. கடைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்து விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

தமிழில் ஜன்னலுக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு, காலதர் என்று. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. ஜன்னல் என்ற சொல் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்தது. ஆங்கிலத்து விண்டோவும் காற்றின் கண் என்ற பொருள் கொண்ட ஒரு பழைய வடநாட்டுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். (வடநாடு என்றால் காசி இல்லை, நார்வே பக்கம்.) குளிரில் நடுங்குகிறவர்களுக்கே ஜன்னல் என்றால் காற்று ஞாபகம் வந்திருக்கிறது. வியர்வையில் குளிக்கிற நாம் அதைத் துணி போட்டு மூடுகிறோம்.

என் தம்பி கட்டடப் பொறியாளர். அவனிடம் ஒருநாள் கேட்டேன், ஓர் அறைக்கு எவ்வளவு ஜன்னல் வேண்டுமென்று கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று. "இருக்கு அக்கா, யார் பார்க்கிறாங்க?" என்றான். 2005-ஆம் ஆண்டு வந்த தேசியக் கட்டட விதித்தொகுப்பில், எங்கள் சென்னை மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில், கதவைச் சேர்க்காமல், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். ஈரக் காற்றில் வியர்வை காயாது, ஆகவே நமக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்பது அதன் நியாயம்.

இப்போது கணக்குப் போடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. ஜன்னல் இரண்டரை அடி அகலம், நான்கடி உயரம் என்றால் 10 சதுர அடி. பாதி போயிற்று. இப்போதெல்லாம் எங்கும் தள்ளு ஜன்னல்தான். ஒரு கண்ணாடியைத் தள்ளினால் அது இன்னொரு கண்ணாடியின் பின்னால் போய் நிற்கும், ஆகவே எப்போதும் பாதிதான் திறக்கும். மிச்சம் 5 சதுர அடி. இதன்மேல் வளையம் போட்ட கனத்த திரையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டால் ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலம் துணி மூட்டையாக நிற்கும். திறந்திருக்கிற பதினைந்து அங்குலத்தில் ஆறு போனால் ஒன்பது. ஒன்பது அங்குலம் அகலம், நான்கடி உயரம், மூன்று சதுர அடி. இருபது வேண்டிய இடத்தில் மூன்று! கொசுவலை அடித்திருந்தால் அதிலும் காற்று குறையும். இதில் கட்டியவரைத் திட்டிப் பயனில்லை, வாங்கியாகிவிட்டது. ஆனால் கடைசியாகப் போன இரண்டு சதுர அடி நாமே காசு கொடுத்துத் தொலைத்தது. அதைத் திரும்ப எடுக்கலாம்.

எப்படி என்றால், ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கம்பியை ஜன்னலின் அகலத்துக்கே சரியாக அடிக்காமல் ஒரு பக்கம் பத்து அங்குலம் நீட்டி அடிக்கச் சொல்லுங்கள். திரையை ஒதுக்கும்போது அது கண்ணாடியின் மேல் நிற்காமல் சுவரின் மேல் போய் நிற்கும். இரண்டு திரை வேண்டாம், ஒன்று போதும். ரெடிமேடில் விற்கிற திரை பெரும்பாலும் நான்கடி அகலம். இரண்டரை அடி ஜன்னலுக்கு அது ஒன்றரை மடங்குக்கு மேலேயே வருகிறது, மடிப்பு விழ அது தாராளம். கடையில் ஜோடியாகத்தான் தருவோம் என்பார்கள். வாங்கி இரண்டு ஜன்னலுக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒல்லி ஜன்னல் பெரும்பாலும் மூலையில் இருக்கும். ஒரு பக்கம் சுவர் முடிந்துவிடும், இன்னொரு பக்கம் பீரோ நிற்கும். நீட்ட இடம் இல்லை என்றால், தள்ளு ஜன்னலில் எந்தக் கண்ணாடியை நீங்கள் திறப்பதில்லையோ அந்தப் பக்கமாகத் திரையை ஒதுக்குங்கள். திறக்கிற பாதி முழுசாகக் கிடைக்கும். இதைச் சொன்னால், "அட, இது தெரியாதா" என்பார்கள். ஆனால் போய்ப் பார்த்தால் பத்து வீட்டில் எட்டு வீட்டில் திரையைச் சரிபாதியாகப் பிரித்து, இரண்டு பக்கமும் நாடா போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், கல்யாண மேடை மாதிரி.

கும்பகோணம் பக்கம் என் பாட்டி வீட்டு ஜன்னல்களுக்குத் திரையே கிடையாது. மரச்சட்டம், நிமிர்ந்த இரும்புக் கம்பிகள், மேலே இரண்டு கீழே இரண்டு என்று நான்கு கதவுகள். தெருவில் போகிறவர் கண்ணில் படக்கூடாது என்றால் கீழ்க்கதவுகளைச் சாத்திவிட்டு மேல்க்கதவுகளைத் திறந்து வைப்பார்கள். காற்றும் வரும், வெளிச்சமும் வரும், உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. மழைச் சாரல் அடித்தால் மேலேயும் சாத்திக்கொள்ளலாம். அந்த ஜன்னல்களும் அகலம் குறைவுதான். ஆனால் ஒரு பலகைகூட வீணாக நின்று வழியை மறைக்கவில்லை. வெளிப்பக்கம் முழுசாக மடிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த நான்கு கதவு ஜன்னல் போன பிறகு எங்கள் அம்மா, வாடகை வீடுகளில், அதையே துணியால் செய்தார். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பி, இரண்டு முனையிலும் கொக்கி, ஜன்னல் சட்டத்தில் இரண்டு ஆணி. அதில் கிழிந்த வாயில் புடவையின் நல்ல பாகத்தை வெட்டித் தைத்த பாதித் திரை. அன்றைக்கு இதற்குப் பெயர் ஸ்க்ரீன். "ஸ்க்ரீனை இழுத்து விடுடி" என்றால் கீழ்ப்பாதிதான் மறையும், மேல்பாதியில் வானம் தெரியும். இன்றைய பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதே பாதித் திரையைத்தான் வெளிநாட்டில் கஃபே கர்ட்டன் என்று சொல்லி அழகாகப் படம் போட்டு விற்கிறார்கள். பெயர் மாறினால் மவுசு வந்துவிடும் போலிருக்கிறது.

தரைத் தளத்தில் இருப்பவர்களுக்குப் பாதித் திரைக்கு மிஞ்சியது இல்லை. ஜன்னல் தரையிலிருந்து மூன்றடியில் ஆரம்பித்தால், ஐந்தரை ஆறடி உயரம் வரை மறைத்தால் போதும், அதற்கு மேலே எட்டிப் பார்க்கிற ஆள் நம் தெருவில் குறைவு. எதிரே மாடி வீடு இருந்து மேலிருந்து பார்க்க முடியும் என்றால் இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே மெல்லிய பருத்தித் துணியில் முழுத் திரை போட்டு, விளக்கு ஏற்றிய பிறகு மட்டும் இழுத்து மூடினால் போதும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. அதனால் மெல்லிய துணியே மறைத்துவிடும். ராத்திரி இது அப்படியே மாறிவிடும், உள்ளே விளக்கு எரிந்தால் வலைத் திரை எதையும் மறைக்காது. இதை மறந்துவிட்டு ராத்திரியும் அந்த வலைத் திரையை நம்பி இருப்பவர்கள் எங்கள் எதிர் பிளாக்கில் இருக்கிறார்கள். யாராவது அவர்களிடம் பக்குவமாகச் சொன்னால் நல்லது.

இனி வெயில். முப்பத்திரண்டு வருடம் புவியியல் நடத்தியவள், இதில் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை அது நமக்கு வடக்கேதான் இருக்கும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று வாங்கினோமே என்று மே மாதத்தில் புலம்புகிறவர்களுக்கு இதுதான் காரணம். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னலில் வந்தே தீரும். மேற்கு ஜன்னலின் கதை இன்னும் மோசம். நான்கு மணி சூரியன் தாழ்ந்து நேராகப் பார்க்கும், ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கிற சன்ஷேட் அதைத் தடுக்க முடியாது.

இந்த வெயிலுக்குத்தான் கனத்த திரை போட்டோம் என்கிறார்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு துணியில் பட்டால் என்ன ஆகும்? துணி சுடும். கொஞ்சம் வெப்பம் திரும்பிப் போகும், மிச்சமெல்லாம் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே தேங்கி, மேல் வழியாக அறைக்குள்தான் வரும். நான்கு மணிக்கு அந்தத் திரையின் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், அடுப்படி மாதிரி இருக்கும். துணியின் வெளிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவதற்கு ஈடு எதுவும் கிடையாது. நம் பெரியவர்கள் மூங்கில் தட்டியையும் வெட்டிவேர்த் தட்டியையும் திண்ணைக்கு வெளியே தொங்கவிட்டது விவரம் தெரிந்துதான். வெட்டிவேரில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் காற்று வறண்டிருக்கும் வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் வாசனைதான் லாபம், குளிர்ச்சி குறைவு. வெறும் மூங்கில் தட்டியோ, நிழல் மட்டும் தரும்.

நிழல்தானே வேண்டும்? அதைத்தான் எங்கள் குடியிருப்பில் வேண்டாம் என்கிறார்கள். வெளியே யாரும் தட்டி தொங்கவிடக் கூடாது, கட்டடத்தின் முகப்பு அழகு கெடுகிறது என்று சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஏசியின் வெளிப்பெட்டி ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே துருப்பிடித்துத் தொங்குகிறது, அதனால் கெடாத அழகு மூங்கிலால் கெட்டுவிடுமாம். எல்லோரும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், பின்பக்க மேற்கு ஜன்னல்களுக்கு மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பார்க்கலாம் டீச்சர்" என்கிறார் செயலாளர். ஃபிளாட்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பகல் முழுக்க அந்த அறைகளில் இருப்பது நாங்கள்தான், முகப்பைப் பார்ப்பவர்கள் தெருவில் போகிறவர்கள்.

பிளைண்ட்ஸ் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் அதற்கு விரோதி இல்லை. சுருட்டி மேலே ஏற்றுகிற ரோலர் வகை, கொள்கை அளவில் ஒல்லி ஜன்னலுக்குப் பொருத்தமானது. பக்கவாட்டில் ஓர் அங்குலம்கூட எடுக்காமல் மேலே நான்கு அங்குலத்தில் முடங்கிவிடும். ஆனால் இறக்கிவிட்டு ஜன்னலைத் திறந்தால் பாய்மரம் மாதிரி உப்பி, தட் தட் என்று சட்டத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். மத்தியானத் தூக்கம் அம்போ. படுக்கைப் பட்டைகளாக வருகிற வெனிஷியன் வகையில் வெளிச்சத்தைச் சாய்த்து மேல்கூரைக்கு அனுப்ப முடியும். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வெளிச்சம் கூசுகிறது என்பவர்களுக்கு இது வசதி. ஆனால் ஒவ்வொரு பட்டையிலும் தூசி, ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். முழங்கையில் வலி இருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். நின்றபடி தொங்குகிற செங்குத்துப் பட்டைகள் பேங்க் மேனேஜர் அறைக்குத்தான் சரி. வீட்டில் ஃபேன் காற்றில் ஒன்றோடொன்று மோதிச் சடசடக்கும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, பிளைண்ட்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். சில கடைகளில் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஜன்னல் அதைவிடச் சின்னதாக இருந்தாலும் அந்த அளவுக்குக் காசு கொடுக்க வேண்டும். முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, காசு விஷயம் இல்லை. அதை ஏற்றி இறக்குகிற கயிறும் மணிச் சங்கிலியும் வளையமாகத் தொங்கும். லீவுக்குப் பேரன் பேத்தி வருகிற வீட்டில் அது கழுத்தில் மாட்டுகிற ஆபத்து உண்டு. சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கிற கொக்கி ஒன்று தருவார்கள், அதை மாட்டாமல் ஆளை அனுப்பாதீர்கள். கட்டில் அந்த ஜன்னலை ஒட்டி இருந்தால் நகர்த்துங்கள்.

கனத்த திரை விற்கிறவர்கள் சொல்லாத இன்னொன்று, அதைத் துவைப்பது யார் என்பது. கடைக்குப் போனபோது அந்தப் பையன் என்னிடம், "விண்டோ சின்னதா இருக்குறதால திக்கா போட்டாத்தான் மேடம் ரிச்சா தெரியும்" என்றான்.

"காத்து வருமா தம்பி?"

"ஏசி போட்டுக்கலாம் மேடம்."

"துவைக்கறது?"

"டிரை கிளீனிங் கொடுத்துடுங்க."

பையன் மேல் தப்பில்லை, அவன் வீட்டில் அவன் அம்மா துவைக்கிறாரோ என்னவோ. வளையத் திரையைக் கழற்ற வேண்டுமென்றால் கம்பியையே கழற்ற வேண்டும். அதற்கு ஸ்டூல் மேல் ஏற வேண்டும், கைகளைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், அண்ணாந்து பார்க்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இதைவிடச் சரியாக விழுவதற்கு ஏற்பாடு செய்ய முடியாது. எனக்குத் தெரிந்த இரண்டு பேர் பண்டிகைக்கு முன்னால் ஸ்க்ரீன் கழற்றப் போய் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டிருக்கிறார்கள். பாதித் திரையில் இந்த வம்பே இல்லை. தரையில் நின்றபடி கொக்கியைக் கழற்றலாம். கரூர்ப் பக்கம் நெய்கிற மெல்லிய பருத்தித் துணியாக இருந்தால் வாளியில் நனைத்து அலசினால் வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். கனத்த பாலியெஸ்டர் திரையை ஐப்பசி அடைமழையில் துவைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஈர வாடை போகவே போகாது.

என் மாமியாரைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியவில்லை. பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். மேற்குப் பக்கத்துச் சின்ன அறை, ஒற்றை ஜன்னல். வெளியூரிலிருந்து வந்த என் கொழுந்தன், அம்மா பகலில் கண்ணயர வசதியாக இருக்கட்டும் என்று அரக்கு நிறத்தில் கனத்த திரை வாங்கி மாட்டிவிட்டுப் போனார். பிள்ளையின் பாசம், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் அவருக்குப் பகல் எது ராத்திரி எது என்பது குழம்பிவிட்டது. பகல் பத்து மணிக்கு, "விடிஞ்சிடுச்சாம்மா?" என்பார். ராத்திரி இரண்டு மணிக்குக் காபி கேட்பார். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் டாக்டர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அவருக்கு எண்பத்து நாலு வயது. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அரக்குத் துணி குடித்துவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர்தான் அதைக் கழற்றினார். பழைய வெள்ளைப் புடவையில் பாதித் திரை தைத்துப் போட்டேன். மேல்பாதியில் முருங்கை மரம் தெரிந்தது. அதன் பிறகும் சில நாள் விடிந்ததா என்று கேட்பார்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரிக் காபி குறைந்தது. அணில் எத்தனை முறை வந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டார். மத்தியானம் கடல்காற்று திரும்பினால், "காத்து மாறிடுச்சு, கொடியில துணி இருக்கான்னு பாரு" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார். படுத்த படுக்கையாக இருந்தும் அந்த வீட்டில் அவர் கடைசியாகப் பார்த்துவந்த வேலை அது.

நிறம் பற்றிக் கேட்பீர்கள். வெள்ளை, சந்தனம், வெளிர் மஞ்சள் மூன்றில் ஒன்று போதும். அழுக்குத் தெரியுமே என்றால், தெரியட்டும், அப்போதுதானே துவைப்போம். ஸ்பிரிங் கம்பி பெரிய ஃபர்னிஷிங் கடைகளில் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் அடி கணக்கில் வெட்டித் தருவார்கள், கொக்கியும் அங்கேயே கிடைக்கும். வெட்டும்போது ஜன்னல் அகலத்தைவிட இரண்டு அங்குலம் குறைவாகவே வெட்டச் சொல்லுங்கள். சரியான அளவில் வெட்டினால் ஒரு மாதத்தில் நடுவில் தொய்ந்து தொங்கும்.